இரைச்சலும் பேசும்

இயந்திரத்தின் இரைச்சலுக்குச் செவிகொடுத்தால், பழுதின் இடத்தை அதுவே உரைத்துவிடும். சுன்னாகத்தில் எம் பெரியம்மா பாடும் தாலாட்டைக் கணினியிற் பதிந்து, கடல் கடந்து வாழும் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்ப விழைந்தோம். பதிவிலோ அவர் குரல் இல்லை. ‘உஸ்’ என்ற இரைச்சலே இருந்தது.

‘உம்’ என்று முழங்கியிருப்பின், விநாடிக்கு 50 முறை அலையும் வீட்டு மின்சாரத்தை ஐயுற்றிருப்போம். இதுவோ வேறு. ஒலிவாங்கியைக் கழற்றிய பின்னும் இரைச்சல் மாறவில்லை. ஆகவே அது கணினியின் ஒலிபெருக்குஞ் சுற்றுத் தானே எழுப்பும் ஓசை. குரல் அதனை எட்டவேயில்லை என்பது தெளிவாயிற்று.

கணினியிற் செருகும் சிறிய ஒலிவாங்கிகளுட் பல, 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் செஸ்லர், வெஸ்ற் என்னும் அறிஞர் இருவர் கண்டறிந்த ‘எலெக்ரெட்’ வகையைச் சார்ந்தவை. அவற்றுள் அமைந்த நுண்சுற்றுக்குக் கணினியே கம்பிவழியாகச் சிறிது மின்னழுத்தம் ஊட்டுதல் வேண்டும். கம்பி அறுந்தால் ஊட்டமும் இல்லை, குரலும் இல்லை.

கணினியில் உரிய ஒலிவாங்கியே தெரிவாகியிருந்தது. இளஞ்சிவப்புத் துளையிலேயே செருகியும் இருந்தது. செருகியின் கழுத்தருகே கம்பியை மெல்ல வளைத்தோம். குரல் வந்து வந்து மறைந்தது. அறுந்த இழையை ஈயத்தாற் பற்றவைத்ததும் தாலாட்டுத் தெளிவாகப் பதிந்தது.

வாசகர்களே, கருவியை நாளையுந் திருத்தலாம். முதியோர் குரலை இன்றே பதிந்துவைத்தல் நன்று.