கோலத்தில் ஒரு கணிதப் பாடம்

பழவங்காடியிலும் கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் கணிதத்தை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பயில்கின்றனர். அது இயல்பே. ஆயினும், வாசலில் பாட்டி இடும் கோலத்திற்கும் வகுப்பில் கற்கும் வடிவ கணிதத்திற்கும் உள்ள உறவை அவர்கள் அறியாமலே வளர்வது எனக்கு வருத்தமளிக்கிறது. அதைக் காட்டிக் கொடுக்கும் கடமை நம்முடையதன்றோ?

ஓர் உருவத்தை ஒரு கோட்டின் வழியே மடிக்கும்போது இரு பாதிகளும் சரியாகப் பொருந்துமாயின், அது சமச்சீர்க் கோடு. நம் ‘ப’வை நெடுக்காக நடுவில் மடித்தால் பொருந்தும், மலையாள ‘ற’வும் அவ்வாறே. சதுரத்திற்கு இக்கோடுகள் நான்கு, செவ்வகத்திற்கு இரண்டே. செவ்வகத்தின் மூலைவிட்டமும் சமச்சீர்க் கோடே எனப் பிள்ளைகள் சாதிப்பதுண்டு. வாதம் வேண்டா, ஒரு தாளைத் தந்து மூலைவிட்டத்தின் வழியே மடிக்கச் சொன்னால் போதும், தாமே தெளிவர்.

சுழல் சமச்சீர் என்பது வேறு. உருவத்தை மையத்தில் ஊன்றி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், எத்தனை முறை பழைய தோற்றமே வருகிறது என்று எண்ண வேண்டும். அவ்வெண்ணே அதன் வரிசை. சதுரத்திற்கு நான்கு, சமபக்க முக்கோணத்திற்கு மூன்று. நான்கு இறகுடைய ஓலைக் காற்றாடி நான்கு முறை பொருந்தும். ஆனால் எங்கு மடித்தாலும் பொருந்தாது. இவ்வேறுபாடே பாடத்தின் உயிர்.

கோலத்திலும் இதனைக் காணலாம். ஆறு இதழ்த் தாமரைக் கோலம் மடித்தாலும் பொருந்தும், சுழற்றினாலும் பொருந்தும். சிக்குக் கோலங்கள் சிலவோ சுழற்சிக்கு மட்டுமே இசைபவை. கோலத்தை மெல்லிய தாளில் படியெடுத்து, நடுவில் குண்டூசி குத்திச் சுழற்றிப் பார்ப்பதே எங்கள் வீட்டு வழக்கம். ஓணத்து அத்தப்பூக்களத்தையும் இவ்வாறே ஆராயலாம்.

இது வெறும் விளையாட்டன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணிபுரிந்தோரும் கோலங்களைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டனர். நம் பெண்மக்கள் விரல்நுனியில் காத்த கலை அறிஞருலகின் கவனத்தைப் பெற்றது.

ஆகவே, அன்பர்களே, வரும் வெள்ளிக்கிழமை கோலமிடும்போது பிள்ளைகளை அருகில் இருத்துங்கள். மடித்தால் பொருந்துவது எது, சுழற்றினால் பொருந்துவது எது என்று தமிழிலேயே கேளுங்கள். இரண்டிலும் பொருந்தாத உருவம் ஒன்று சொல்லென்றால், ஒரு புறம் துதிக்கை வளைந்த பிள்ளையாரையே அவர்கள் சுட்டிக்காட்டக் கூடும்.