அட்டை தந்த தலைமையாசிரியர்

கால்பந்து ஆட்டத்தை ஒருநாளும் பார்த்திராதவருக்கும் ‘ரெட் கார்டு’ என்றால் என்னவென்று தெரியும். இன்ன நடிகருக்குத் தயாரிப்பாளர்கள் ரெட் கார்டு போடப்போகிறார்கள் என்று செய்தி வந்தால், டீக்கடையில் அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. அந்த அட்டையை உலகத்துக்குக் கொடுத்தவர் இங்கிலாந்தில் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். பெயர் கென் ஆஸ்டன். அவர் கதையைப் பிள்ளைகளைவிடப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

1915-இல் கோல்செஸ்டரில் பிறந்தவர். ஆசிரியரான அவர் 1936-இல் கால்பந்து நடுவராகவும் தகுதி பெற்றார். இரண்டாம் உலகப் போர் வந்தது. பீரங்கிப் படையில் சேர்ந்து, பிறகு பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு மாறி, லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்தார். போர் முடிந்தபின் சிங்கப்பூரின் சாங்கியில் போர்க்குற்ற விசாரணை மன்றத்திலும் பணியாற்றினார். ஊர் திரும்பியதும் மறுபடி பள்ளிக்கூடம், மறுபடி விசில். மூடுபனியில் எல்லைக்கோட்டு நடுவர்களின் கொடி கண்ணுக்குத் தெரியவில்லை என்று கவனித்து, பளிச்சென்ற மஞ்சள் கொடிகளைக் கொண்டுவந்தவரும் இவரே. சொல்வது எதிரில் இருப்பவருக்குத் தெரிகிறதா என்ற கவலை அவருக்கு அப்போதே இருந்திருக்கிறது.

1962 ஜூன் 2. சிலி நாட்டுத் தலைநகர் சான்டியாகோவில் உலகக் கோப்பை ஆட்டம். சிலியும் இத்தாலியும் மோதின. சான்டியாகோ நகரத்தை இழிவாக வர்ணித்து இத்தாலியப் பத்திரிகையாளர்கள் இருவர் எழுதிய கட்டுரைகளால் ஊரே கொதித்துப் போயிருந்தது. அரங்கில் 66,000 பேர். ஆட்டம் தொடங்கி 12 விநாடியிலேயே முதல் ஃபவுல். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, இத்தாலியின் ஃபெர்ரினியை ஆஸ்டன் வெளியேற்றினார். அவர் நகரவில்லை. கடைசியில் போலீஸ் உள்ளே வந்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. குத்துச்சண்டை வீரரின் மகனான சிலி வீரர் லியோனெல் சான்செஸ் ஒருவரை முகத்தில் குத்தினார். இன்னொருவரான மாஸ்கியோவின் மூக்கை உடைத்தார். சான்செஸை ஆஸ்டன் வெளியேற்றவில்லை. சான்செஸின் தலையில் உதைத்த இத்தாலிய வீரர் மட்டும் வெளியே போனார். சிலி 2-0 என்று வென்றது. ‘சான்டியாகோ யுத்தம்’ என்ற பெயரில் அந்த ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது, நடுவரின் பெயரையும் சேர்த்துத்தான்.

கோட்டை விட்டவர் என்றுதான் அன்று உலகம் அவரைப் பார்த்தது. மூக்கு உடைந்தது எல்லோருக்கும் தெரிந்தபோது நடுவர் சும்மா இருந்தார் என்றால் யார் மன்னிப்பார்கள்? என் கணிப்பில் அன்றைய அவருடைய தீர்ப்புகள் சில தவறுதான். அதை மறைத்து அவரைப் பெரியவராக்க வேண்டிய அவசியம் இல்லை. நடுத்தர வயதில், உலகமே பார்க்க ஒரு பெயர்க்கேடு வந்தால் பெரும்பாலோர் அந்தத் துறையைவிட்டே ஒதுங்கிவிடுவார்கள். இல்லையென்றால் வாழ்நாள் முழுக்கத் தன் தரப்பு நியாயத்தைச் சொல்லியே தேய்ந்துபோவார்கள். ஆஸ்டன் மறுவருடமே வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்கு விசில் ஊதினார். பிறகு ஃபிஃபாவின் நடுவர் குழுவில் பொறுப்பேற்றார். அங்கேதான் அவருடைய உண்மையான வேலை தொடங்கியது.

1966 உலகக் கோப்பை, காலிறுதி. வெம்பிளியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும். நடுவர் ஜெர்மானியரான ருடால்ஃப் கிரைட்லைன். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. அர்ஜென்டினா அணித் தலைவர் ராட்டின் ஏதோ வாதாடிக்கொண்டே இருந்தார். 35-ஆம் நிமிடத்தில் வெளியே போகச் சொன்னார் நடுவர். ராட்டினோ, மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று நின்றுவிட்டார். பல நிமிடங்கள் ஆட்டம் நின்றது. நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த ஆஸ்டனே இறங்கிவந்து சமாதானம் பேச வேண்டியதாயிற்று. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பின் நடந்தது. அதே ஆட்டத்தில் தன்னையும் எச்சரித்ததாக நடுவர் குறித்திருக்கிறார் என்பது இங்கிலாந்தின் ஜாக் சார்ல்டனுக்குப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஆஸ்டன் இதை மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டே காரை ஓட்டி வந்தார். கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் சிக்னல் விழுந்தது. மஞ்சள், கவனம், சிவப்பு, நில். வீட்டுக்கு வந்து மனைவி ஹில்டாவிடம் சொன்னார். அந்த அம்மாள் பக்கத்து அறைக்குப் போய், சட்டைப் பையில் அடங்குகிற அளவில் இரண்டு வண்ண அட்டைகளை வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். கணவர் யோசனையைச் சொல்லி முடித்த சூட்டிலேயே அதற்கு உருவம் கொடுத்த ஹில்டாவுக்கும் இந்தப் புகழில் பங்கு உண்டு. வரலாறு எழுதுகிறவர்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு வருத்தம்.

சான்டியாகோவில் பட்டவர் என்ன கேட்டிருக்கலாம்? இன்னும் கடுமையான தண்டனை கேட்டிருக்கலாம், இன்னும் அதிகமான போலீஸ் கேட்டிருக்கலாம். அவர் கேட்டது அதுவல்ல. நடுவர் சொன்னது ஆட்டக்காரருக்குப் புரிந்ததா என்று கேட்டார். நான் பல காலம் வகுப்பறையில் நின்றவன். ஆசிரியராக இருந்தவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும் என்று நம்புகிறேன்.

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். எதற்குக் கோபம் என்று பையனுக்குத் தெரியாது. மருமகள் செய்யும் குறைகளை மாமியார் மனத்துக்குள்ளேயே எண்ணிக்கொண்டு வருவார். ஒருநாள் மொத்தமாகக் கொட்டுவார். அலுவலகத்தில் இரண்டு வருடம் ஒன்றும் சொல்லாமல் இருந்த அதிகாரி, மூன்றாம் வருடம் மெமோ கொடுப்பார், அதுவும் வாங்குகிறவர் படித்துப் புரிந்துகொள்ள முடியாத ஆங்கிலத்தில். இவர்கள் எல்லோருமே ‘எத்தனை தடவை சொல்லிவிட்டேன்’ என்றுதான் சத்தியம் செய்வார்கள். சொன்னது நிஜமாகவே இருக்கலாம். எட்டவில்லையே!

அட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது நடுவரையும் கட்டிப்போடுகிறது. முணுமுணுத்த எச்சரிக்கையை நாளைக்கு மாற்றிச் சொல்லலாம். கூட்டம் பார்க்கக் கையை உயர்த்திக் காட்டியதை மாற்ற முடியாது. தவறென்றால் அந்தத் தவறையும் எல்லோரும் பார்ப்பார்கள். அதிகாரம் கையில் இருக்கும் ஒருவர், தன்னையும் பிறர் பார்வைக்கு உட்படுத்திக்கொள்ளும் ஏற்பாட்டைத் தானே முன்வந்து செய்தார் என்பதால்தான் ஆஸ்டன் மேல் எனக்கு இத்தனை மரியாதை.

1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் முதன்முதலாக வந்தன. அந்தத் தொடர் முழுவதிலும் ஒரு சிவப்பு அட்டைகூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. உலகக் கோப்பையின் முதல் சிவப்பு அட்டை 1974-இல் சிலி வீரர் கார்லோஸ் காசெலிக்குக் காட்டப்பட்டது. அதன்பின் அட்டை ஹாக்கிக்குப் போயிற்று, நம் கபடிக்கும் வந்துவிட்டது. மாற்று ஆட்டக்காரரின் எண்ணைப் பலகையில் தூக்கிக் காட்டும் வழக்கமும் ஆஸ்டன் தந்ததே.

முதுமையில் அவர் பதக்கங்களைத் துடைத்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. அமெரிக்காவில் சிறுவர், சிறுமியர் ஆடும் கால்பந்துக்கு நடுவர்களாக வந்த சாதாரணப் பெற்றோருக்குப் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார். உலகக் கோப்பையில் விசில் ஊதியவர், பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு எப்படி ஊதுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். 2001 அக்டோபரில், 86 வயதில் காலமானார்.

என்னைப் போல் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவுக்குப் பக்கத்து மைதானத்தில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகள் ஆடுகிறார்கள். நடுவர் இல்லாமல் தமக்குள் சண்டை போட்டுக்கொண்டே ஆடுகிறார்கள். விதிகளைக் கொஞ்சம் படித்துக்கொண்டு, ஒரு விசில் வாங்கிக்கொண்டு போய் நில்லுங்கள்.