பாதி உடைத்த வீடு

நங்கநல்லூரில் அந்த வீட்டின் கேட்டைத் திறந்ததும் காலில் இடறியது உடைத்துப் போட்ட மொசைக் குவியல். அதற்கு அப்பால் தார்ப்பாய் மூடிய எம்-சாண்ட். வேலையாட்கள் ஒருவர்கூட இல்லை. 1980களில் கட்டிய மாடி வீடு, ஓய்வுபெற்ற தம்பதி குடியிருக்கிறார்கள். ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்குவது, இரண்டு பாத்ரூம், புது ஒயரிங், தரைக்கு டைல்ஸ், பெயிண்டிங் என்று எல்லாம் சேர்த்து 14 லட்சம் பேசி, 10 லட்சம் கைமாறிவிட்டது. வேலை பாதிகூட முடியவில்லை. காண்ட்ராக்டர் இப்போது போனையே எடுப்பதில்லை. மீதியை எப்படி முடிப்பது என்று பார்த்துச் சொல்ல, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரான நண்பரை அழைத்துக்கொண்டு போனேன்.

ஹாலுக்குள் நுழைந்த நண்பர் அங்கேயே நின்றுவிட்டார். சமையலறைச் சுவரில் எட்டடி அகலத்துக்கு உடைத்திருந்தார்கள். மேலே தளத்துக்கு முட்டாக இரண்டு சவுக்குக் கம்புகள், அவ்வளவுதான்.

“இது பில்லர் வீடு இல்லைம்மா. இந்த ஒன்பது இஞ்ச் சுவர்தான் மாடியைத் தாங்குது. உடைக்கிறதுக்கு முன்னாடி யாராவது இன்ஜினியர் வந்து பார்த்தாங்களா?”

“காண்ட்ராக்டர்தான் சார் பார்த்தாரு. ஒண்ணும் ஆகாது, நிறைய வீட்ல பண்ணியிருக்கேன்னாரு.”

தூண் எழுப்பிக் கட்டிய வீட்டில் உள்சுவர் வெறும் தடுப்பு, எடுத்துவிடலாம். சென்னையில் அந்தக் காலத்துத் தனிவீடுகள் பலவற்றில் தூணே கிடையாது, பாரம் முழுவதும் சுவர் வழியாகத்தான் அஸ்திவாரத்துக்கு இறங்குகிறது. அப்படிப்பட்ட சுவரைத் திறக்க வேண்டுமானால் முதலில் இரண்டு பக்கமும் தளத்துக்கு ஜாக்கி கொடுக்க வேண்டும். கணக்குப் போட்ட அளவில் இரும்பு உத்தரமோ கான்கிரீட் பீமோ ஏற்றி, அதன் இரு முனைகளும் மீதிச் சுவரில் நன்றாக உட்கார்ந்த பிறகுதான் அடிச்சுவரை எடுக்கலாம். இங்கே வரிசை தலைகீழ். டார்ச் அடித்துப் பார்த்தபோது தளத்தின் அடியில் உடைப்பை ஒட்டியே மயிரிழை விரிசல் ஓடியது. மாடிக்குப் போனால் அதே கோட்டுக்கு நேர் மேலே ஒரு சுவர், அதை ஒட்டி இரும்பு பீரோ.

“இந்த ரூமை இன்னைக்கே காலி பண்ணிடுங்க. கீழேயும் இந்தப் பக்கம் யாரும் நடமாட வேண்டாம்” என்று சொன்ன நண்பர், அங்கேயே நின்று ஜாக்கி வாடகைக்குத் தருபவருக்குப் போன் போட்டார். அதுவரை பணம் போன கவலையில் இருந்த அந்த அம்மாவின் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. ஓர் இன்ஜினியர் வந்து பார்க்க வாங்கும் கட்டணம் அந்த 10 லட்சத்தில் மிகச் சிறிய பங்கு. ‘இன்ஜினியர் செலவு வேண்டாம், நானே பார்த்துக்கிறேன்’ என்று சொல்லும் காண்ட்ராக்டரிடம் வீட்டை ஒப்படைக்கவே கூடாது என்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது உறுதியாகத் தோன்றியது.

மாடி பாத்ரூம் டைல்ஸ் பளபளவென்று இருந்தது. ஆனால் அதற்கு நேர் கீழே உள்ள படுக்கையறையின் கூரையில் ஈரம் படர்ந்திருந்தது. பழைய தரையை உடைத்ததும் நானி டிராப்பைச் (தரை வடிகால்) சுற்றியும் குழாய்கள் நுழையும் இடங்களிலும் இடைவெளியை அடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட் அடித்து, வடிகாலை மூடி, குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். கீழே கசியவில்லை என்று தெரிந்த பிறகே டைல்ஸ். “தண்ணி தேக்கிப் பார்த்தாங்களா?” என்றால், “அப்படி ஒண்ணு இருக்கா?” என்று கேட்கிறார் வீட்டுக்காரர். இனிப் புது டைல்ஸை உடைக்கும் கூலி, அள்ளும் கூலி, மறுபடி டைல்ஸ், மறுபடி ஒட்டும் கூலி.

கீசர் பாயின்ட்டைக் கழற்றினோம். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போக வேண்டிய இடத்தில் விளக்குக்குப் போடும் 1.5 போயிருந்தது.

எஸ்டிமேட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரே தாள். ‘பாத்ரூம் வேலை 2’, ‘ஒயரிங் முழுதும்’ என்று வரிக்கு ஒரு தொகை. எந்தக் கம்பெனி ஒயர், டைல்ஸ் சதுர அடி என்ன விலை, எத்தனை கோட் பெயிண்ட் எதுவுமே இல்லை. வாசலில் கிடக்கும் இடிபாட்டை அள்ளுவது யார் செலவு என்றும் இல்லை, அது ‘எக்ஸ்ட்ரா’வாம். கடைசி வரியில் ‘ஜி.எஸ்.டி. 18% தனி’. பில் வேண்டாமென்றால் அந்த 18 சதவீதம் மிச்சம் என்று காண்ட்ராக்டர் சொல்ல, பெரும்பகுதியை ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சமானது வரி, போனது ரசீது. வீடு கட்டும் பணியும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சேவை’தான். 50 லட்சம் வரை கொடுத்த சேவைக்கு மாவட்ட ஆணையத்தில், 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ஆனால் அங்கே கேட்பது தாள். இவர்களிடம் ஜிபே-யில் அனுப்பிய நான்கு தவணைகளும் வாட்ஸ்அப் பேச்சும்தான் மிச்சம். எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைக்கச் சொன்னேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே இங்கு வேலை செய்த கொத்தனார் வந்து நின்றார். அவருக்கும் இரண்டு வாரக் கூலி பாக்கி. “வேளச்சேரியில ஒரு சைட்டு, அங்க பார்ட்டி பணம் தரல. இங்க வாங்கினதை அங்க போட்டுட்டாரு” என்றார். சிறு காண்ட்ராக்டர் பலரின் நிலை இதுதான்: கையில் முதல் கிடையாது, ஒரு வீட்டு அட்வான்ஸ் இன்னொரு வீட்டின் சனிக்கிழமைக் கூலியாகப் போகிறது. எங்கோ ஒரு பார்ட்டி தாமதித்தால் வரிசையில் கடைசியாக நிற்கும் வீட்டில் வேலை நின்றுவிடும். அதனால்தான், ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், முடிந்த வேலையைத் தாண்டிப் பணம் முன்னால் ஓடக் கூடாது என்கிறேன்.

மீதி வேலையை அந்தக் கொத்தனாரிடமே தருவதென்று முடிவானது. நண்பர் உட்கார்ந்து எழுதினார்: பீமுக்கான இரும்பை வீட்டுக்காரரே கடையில் பில்லோடு வாங்கித் தருவது. சுவருக்குள் போகும் குழாயையும் ஒயரையும் பூசி மறைக்கும் முன் போட்டோ எடுப்பது. தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே பாத்ரூம் தவணை. வாய்மொழி எக்ஸ்ட்ரா கிடையாது. மொத்தத்தில் 10 சதவீதத்தை ஐப்பசி, கார்த்திகை மழை கடக்கும்வரை நிறுத்திவைப்பது. கொத்தனார் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தன் பக்கத்துக்கு ஒன்று சேர்க்கச் சொன்னார்: ஆட்களின் கூலி சனிக்கிழமை சாயங்காலமே கைக்கு வர வேண்டும். அதையும் எழுதி, இரண்டு பிரதியிலும் கையெழுத்து வாங்கினோம்.