மூன்றாம் கை

ஆரணியில் என் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓர் ஆங்கிலப் படம் பார்த்தேன். மாமாவின் பேரன் கைபேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, ஐந்து நிமிஷத்தில் தூங்கிப்போனான். ஆங்கிலம் அறியாத மாமாவுக்குக் கதை சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

படம் ‘லைஃப்’, டானியல் எஸ்பினோசா எடுத்து 2017ல் வந்தது. பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள். செவ்வாய் மண்ணில் உறங்கிக் கிடந்த ஓர் உயிரணுவை உசுப்பிவிடுகிறார்கள். பூமியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்குக் கால்வின் என்று பெயர்கூடச் சூட்டுகிறார்கள். பெயர் வைத்த பிறகு அது சும்மா இருக்குமா? ஆளுக்கொருவராகப் பலி கொள்ளத் தொடங்குகிறது.

எனக்கு எழுத்தாளனுக்குரிய கர்வம் வந்துவிட்டது. “இதெல்லாம் நகல், மாமா. 1979லேயே ரிட்லி ஸ்காட் ‘ஏலியன்’ என்று எடுத்துவிட்டார். அதில் ஒரு கப்பல், ஏழு பேர். அதுவும் முழுக்கச் சொந்தச் சரக்கில்லை. செவ்வாயிலிருந்து திரும்பும் கப்பலில் ஒரு ஜந்து ஒளிந்து வருகிற படம் 1958லேயே வந்தாயிற்று.”

“மூணாங்கை டிசைன்னு சொல்லு” என்றார் மாமா, சிரித்துக்கொண்டே.

அவர் சிரித்தது எனக்கு ஆச்சரியம்தான். போன வருஷம் அவர் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட முந்தானை, ஆடிக்குள் விசைத்தறியில் ஓடி, மலிவு விலையில் கடையில் தொங்கியது. சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985ல் சட்டம் செய்தார்கள். சட்டம் எல்லாக் கடைக்குள்ளும் நுழைந்து பார்ப்பதில்லை. அதைச் சொன்னேன்.

“ருத்ராட்சக் கரையை நானா கண்டுபிடிச்சேன்? எங்கப்பாகிட்ட எடுத்தேன். எடுத்ததுக்கு வருத்தமில்லே. இழையைக் கெடுத்துட்டானே, அதான்.”

எனக்குச் சுருக்கென்றது. அச்சில் வந்த என் முதல் கதை ஒரு ஐரோப்பியக் கதையின் நகல். அந்த ஊர்ச் செருப்புத் தைப்பவனை ஆரணி நெசவாளியாக்கி, சன்மானமும் வாங்கிக்கொண்டேன். இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்று மாமா படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “நாள் பூரா நெய்யறானே, ஒரு இழைகூடவா அறுந்து போகல்லே?”

இந்தச் சமயத்தில் திரையில், விஞ்ஞானி ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறையோடு கை நீட்டினார். அசையாமல் கிடந்த அந்த ஜந்து கையைச் சுற்றிக்கொண்டது, எலும்புகள் நொறுங்கின. எனக்குத் தெரிந்தவரை ‘ஏலியனி’ல் இந்தக் காட்சி இல்லை. அங்கே அது முகத்தைப் பிடிக்கும்.

மாமா தம் வலது கையை இடது அக்குளுக்குள் செருகிக்கொண்டார்.

“நிறுத்துப்பா.”

நிறுத்தினேன். எத்தனையோ பேய்ப்படம் பார்த்தும் கொட்டாவி விட்ட மனிதர் அவர்.

“அவருக்குக் கால் ஏற்கெனவே விளங்காது, மாமா” என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

“மிதிக்கக் காலும் இல்லே, இப்போ கையும் இல்லே” என்று முனகினார். அவருக்கு அந்த ஆள் குழித்தறியிலேயே உட்கார்ந்திருந்தார் போலும். வெகு நேரம் கழித்து, “ராத்திரி அவனுக்குச் சோறு யார் ஊட்டினாங்க?” என்று கேட்டார்.

முதல் கதையின் சங்கதியை அப்போதுதான் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டார். தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை.

“அது போகட்டும். யார் ஊட்டினாங்கன்னு பார்த்துச் சொல்லு” என்றார்.