எலும்புக்குள் சில கோடுகள்

போன தை மாசம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடது தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். இடுப்போடு சேரும் இடத்தில், ‘கழுத்து’ என்கிறார்களே, அங்கே. வயது 79. ஆபரேஷன் செய்து உலோகப் பந்து வைத்தாயிற்று. இரண்டாம் நாள் எலும்பு டாக்டர் (என் பையன் வயசுதான்) எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ‘‘சார், உடைஞ்ச காலை விடுங்க. இந்த வலது காலைப் பாருங்க’’ என்றார்.

பார்த்தேன். தொடை எலும்பின் உருண்டைத் தலையிலிருந்து உள்பக்கமாகக் கீழே இறங்கும் மெல்லிய கோடுகள், ஒரு கற்றை. வெளிப்பக்கத்திலிருந்து கமான் மாதிரி வளைந்து தலைக்குப் போகும் இன்னொரு கற்றை. இரண்டாவது, வழியில் அறுந்திருந்தது.

‘‘கீழே இறங்கறது பிரின்ஸிபல் கம்ப்ரெஸிவ். வளைஞ்சு போறது பிரின்ஸிபல் டென்ஸைல்.’’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வார்த்தைகளைக் கடைசியாகக் கேட்டது 1980-களில், இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷத்தில். பிரின்ஸிபல் ஸ்ட்ரெஸ், மோர் வட்டம். பதினைந்து மார்க் கேள்வி நிச்சயம். எதற்கு என்று தெரியாமலே காம்பஸை வைத்து வட்டம் போட்டு பாஸ் செய்துவிட்டேன். ஸ்ட்ரெஸ் என்றால் இப்போது எல்லோருக்கும் ஆபீஸும் யோகா டீச்சரும்தான் ஞாபகம் வருகிறது. பள்ளிப் புத்தகத்தில் அதற்குத் ‘தகைவு’ என்று நல்ல பெயர் உண்டு.

விஷயம் அவ்வளவு கஷ்டமில்லை. பாரம் தாங்கும் ஒரு பொருளுக்குள் ஏதாவது ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தகைவு எவ்வளவு என்று கேட்டால் ஒரே நம்பரில் பதில் சொல்ல முடியாது. எந்தக் கோணத்தில் வெட்டிப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு வெட்டில் கொஞ்சம் அழுத்தம், கொஞ்சம் சறுக்கல். கத்தியைத் திருப்பினால் இரண்டும் மாறும். மொத்தக் கணக்கையும் எழுத ஒன்பது எண்கள் வேண்டும். அதில் மூன்று ஜோடிகள் சமம் என்பதால் ஆறு போதும். 1822-ல் பிரெஞ்சுக்காரர் கோஷி கண்டுபிடித்தது. இந்த மூட்டைக்குத்தான் டென்ஸர் என்று பெயர். அழகு என்னவென்றால், எவ்வளவு கோணல்மாணலாகப் பாரம் ஏற்றினாலும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று திசைகள் உண்டு. அவற்றுக்குக் குறுக்கே வெட்டினால் சறுக்கலே கிடையாது. சுத்தமான இழுப்பு அல்லது சுத்தமான அழுத்தம். அவைதான் பிரின்ஸிபல்.

நம்பிக்கையில்லையா? ஒரு சாக்பீஸை ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்குங்கள். குறுக்கே நேராக உடையாது. 45 டிகிரியில் ஸ்க்ரூ மரை போலச் சுற்றிக்கொண்டு உடையும். சுத்தமான இழுப்பு அந்தச் சாய்வில்தான் இருக்கிறது. இழுப்பு சாக்பீஸுக்கு ஆகாது. கால் முறுகி விழுகிற குழந்தைகளுக்கு முழங்காலுக்குக் கீழ் எலும்பு சுருள் சுருளாக விரிவதும் இதே கணக்குதான்.

1866-ல் ஸூரிக் நகரத்தில் ஹெர்மன் மேயர் என்ற உடற்கூறு பேராசிரியர், நெடுக்காக அறுத்த தொடை எலும்புகளைக் காட்டினார். பார்த்தவர்களில் ஒருவர் கார்ல் குல்மன், அங்கே பாலம், கூரைக் கணக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த இன்ஜினீயர். எலும்புக்குள் இருந்த கோடுகள், வளைந்த கிரேன் ஒன்றுக்குத் தான் போடும் பிரின்ஸிபல் கோடுகள் மாதிரியே போவதைக் கண்டுகொண்டார். தொடை எலும்பின் தலை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் அதுவும் ஒரு கிரேன்தான்: உள்பக்கம் அழுத்தம், வெளிப்பக்கம் இழுப்பு. (நான் மனப்பாடம் செய்த வட்டத்தையும் முதலில் போட்டவர் குல்மன்தான். 1882-ல் விரிவாக்கிய மோருக்குப் பெயர் போய்விட்டது.) எலும்பு ஒரே சீரான பொருளில்லை, தசைகளும் இழுக்கின்றன, பொருத்தம் அச்சு அசலாக இல்லை என்று பிற்பாடு பலர் திருத்தினார்கள். இருந்தாலும், சுமக்கும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக் கட்டிக்கொள்கிறது என்று 1892-ல் யூலியஸ் வோல்ஃப் எழுதிய சங்கதியின் சாரம் நிற்கிறது. எடையில்லாத விண்வெளியில் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவிகிதத்துக்கு மேல் கரைகிறதாம்.

1970-ல் மன்மோகன் சிங் (பிரதமராக இருந்தவர் அல்ல, எலும்பு டாக்டர்), நாக்ரத், மைனி என்ற மூன்று பேர் இந்தக் கோடுகளுக்கு மார்க் போட்டார்கள். எல்லாம் தெரிந்தால் ஆறு. வயதாக ஆக உடம்பு சிக்கனம் பிடிக்கும். முக்கியமில்லாத கோடுகளை முதலில் கழற்றும். அழுத்தக் கற்றையைக் கடைசி வரை விடாது. இப்போது டெக்ஸா ஸ்கேன் வந்துவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்க்க இது போதும்.

‘‘அம்மாவுக்கு எத்தனை?’’

‘‘மூணு, சார். இழுப்புக் கோடு அறுந்தாலே மூணு. மாத்திரை எழுதறேன். ஆனா படுக்கையிலேயே விட்டீங்கன்னா இருக்கறதும் போயிடும். நடக்க வையுங்க.’’

அங்கேதான் சிக்கல். அம்மா மறுபடி விழுந்துவிடுவோமோ என்று பயந்து எழுந்திருக்கவே மறுத்துக்கொண்டிருந்தாள். பிஸியோதெரபி பெண் வாக்கரோடு வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வாள். அன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கிரேன், குல்மன், சாக்பீஸ் எல்லாம் சொன்னேன். பாதியில் நிறுத்தினாள்.

‘‘ஏண்டா, இதெல்லாம் காலேஜ்லயே சொல்லிக் குடுத்தாளா?’’

‘‘ஆமாம்மா.’’

‘‘அப்ப எனக்கு ஏன் முன்னாடியே சொல்லலை?’’

பதிலில்லை. பத்து வருஷமாக ‘நீ சும்மா உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன்’ என்று அவளைப் பால் வாங்கக்கூட விடாதவன் நான்தான்.

மறுநாள் காலை வாக்கரைப் பிடித்து எழுந்தாள். கை நடுங்கியது. கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நாலடி. போய்ச் சேர்ந்ததும் திரும்பாமலே கேட்டாள்:

‘‘போதுமா? இல்லே, அந்தக் கிரேன்காரன் இன்னும் நடக்கச் சொல்றானா?’’