பத்மினிக்கு மூச்சு முட்டிப் போச்சு!

எங்கள் வீட்டு ஷெட்டில் ஒரு பத்மினி இருக்கிறாள். சினிமா பத்மினி இல்லை, பிரீமியர் பத்மினி. 1978 மாடல், மோர் கலர், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. ஆகவே, வீட்டில் சீனியாரிட்டிப்படி முதலில் பத்மினி, அப்புறம் அம்மா, கடைசியில்தான் அடியேன்.

அப்பாவுக்கு ஒரு ஆசை. 50 வயசு தாண்டிய பழைய வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனிப் பதிவு எண் தரலாம் என்று 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2028-ல் பத்மினிக்கு 50. அந்த நம்பர் பிளேட்டை மாட்டிக்கொண்டு தெருவில் ஒரு ரவுண்டு வரவேண்டும். “எனக்கு மணிவிழா நடந்தப்போகூட இவ்வளவு ஆசையா இருந்ததில்லைடா” என்பார்.

2023 செப்டம்பரில் தங்கையின் பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் பெங்களூர் கிளம்பினார்கள். கிளம்பும்போது அப்பா சாவியை என் கையில் வைத்தார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற முகம்.

“வாரா வாரம் அரை மணி நேரம் ஓட்டுடா. மழைக் காலம் வருது. பார்த்துக்கோ.”

“நான் இருக்கேன்ப்பா” என்றேன். அதுதான் பிரச்னையே!

நான் பி.காம். வண்டிக்கு வருஷம் எத்தனை சதவீதம் தேய்மானம் எழுதணும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தேய்மானம் எப்படி நடக்கிறது என்பதுதான் தெரியாது. அதைச் சொந்த செலவில் கற்றுக்கொண்ட கதை இது.

முதல் காரியமாக, ஹோஸ் பைப் வைத்து பத்மினிக்கு ஒரு மங்கள ஸ்நானம். உள்ளே இருந்த மேட்டையும் விடவில்லை. ஈரம் காயும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், பாரிமுனையில் வாங்கிவந்த தடித்த நீலக்கலர் பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போர்த்தி, கயிறு போட்டு இறுக்கக் கட்டினேன். எறும்புகூட நுழைய முடியாது. எனக்கே என்மேல் பெருமை.

வாரா வாரம் ஓட்டுவது? அந்த ஸ்டீயரிங் கியரில் இரண்டாவது போட்டால் நான்காவது விழும், நான்காவது போட்டால் பின்னால் வரும் பஸ்காரர் என் பரம்பரையை விசாரிப்பார். ஆகவே, ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் தார்ப்பாயைத் தூக்கி, ஷெட்டிலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைத்துவிடுவேன். தீபாவளிக்குப் பிறகு மழையைச் சாக்கிட்டு அதுவும் நின்றது.

டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர். நல்லவேளையாக எங்கள் வீடு கொஞ்சம் மேடு, ஷெட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. கரண்ட் வந்து செல்போனில் உயிர் வந்ததும் அப்பாவுக்கு போன் போட்டேன்.

“அப்பா, ஊரே மிதக்குது. நம்ம பத்மினி மேல ஒரு சொட்டு படலை!”

“சந்தோஷம்டா. வெயில் வந்ததும் கதவையெல்லாம் திறந்து வை.”

“சரிப்பா” என்றேன். செய்யவில்லை. சொட்டே படாத வண்டிக்கு வெயில் எதுக்கு?

பொங்கல் முடிந்து இருவரும் வந்தார்கள். காபிகூட குடிக்காமல் அப்பா நேராக ஷெட்டுக்குப் போனார். நான் மேஜிக் ஷோ மாதிரி தார்ப்பாயை உருவினேன்.

முதலில் வந்தது வாசனை. துணியை ஊறப்போட்டு ஒரு வாரம் மறந்தால் வருமே, அது. சீட்டில் வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை. தார்ப்பாயின் உள்பக்கம் முத்து முத்தாய்த் தண்ணீர். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தும் சக்கரம் அசைய மறுத்தது. அப்பா குனிந்து டிரைவர் சீட்டுக்குக் கீழே மேட்டைத் தூக்கினார். தரைத் தகடு முறுக்கு மாதிரி பொருக்குத் தட்டியிருந்தது. அவர் விரல் வைத்த இடத்தில் ஓட்டை. ஓட்டை வழியே ஷெட்டின் தரை தெரிந்தது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பானெட்டின் மேல் ஒரு நிமிஷம் உள்ளங்கையை வைத்திருந்தார். “காபி போடச் சொல்லு” என்று உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

அம்மாதான் விஷயத்தை ஒரே வரியில் முடித்தாள். “ஈரக் கரண்டியைப் போட்டு ஜாடியை மூடினா ஊறுகாய் என்னடா ஆகும்?”

மறுநாள் வந்த மெக்கானிக் இதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னார். “சார், இது நாலு மாசத் துரு இல்லை. மேட்டுக்கு அடியில ஏற்கெனவே இருந்திருக்கு. நீங்க தண்ணி ஊத்தி வளர்த்திருக்கீங்க!” பத்மினிக்குத் தனி சேஸிஸ் கிடையாதாம். தரையும் பாடியும் ஒரே கூடு. தரை போனால் முதுகெலும்பு போன மாதிரி.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துருவுக்குக் கொண்டாட்டம். சென்னை மழைக்காலத்தில் 80 என்பது சர்வ சாதாரணம். பகலில் சூடான காற்று ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ராத்திரி தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் அதன்மேல் பனியாய்ப் படியும். வெளியே போக வழி இல்லாமல் பிளாஸ்டிக் தடுத்துவிடும். வெளியிலிருந்து ஒரு சொட்டு வரவில்லைதான். உள்ளே இருந்த ஒரு சொட்டையும் நான் போகவிடவில்லை!

அந்த ஐந்து நிமிஷ ஸ்டார்ட்டும் தப்பாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். டெபிட் பெட்ரோல், கிரெடிட் தண்ணீர், கணக்கு டேலி! சைலன்ஸர் நன்றாகச் சூடானால் அது வெளியே போகும். ஐந்து நிமிஷத்தில் அணைத்தால் உள்ளேயே தங்கி அரிக்கும். அப்பா சொன்ன அரை மணி நேரத்துக்கு அர்த்தம் அதுதான். ஒன்று ஒழுங்காக ஓட்டணும், இல்லையென்றால் தொடாமல் விடணும்.

தரைக்குப் புதுத் தகடு வைத்து வெல்டிங், பிரேக், சீட் என்று என் இரண்டு மாசச் சம்பாத்தியம் போனது. போகட்டும், சட்டம் எல்லாம் மாறியது.

நீலத் தார்ப்பாய் இப்போது வண்டிக்கு மேலே இல்லை, கீழே! சிமென்ட் தரை வழியாகவும் மண்ணின் ஈரம் மேலே ஏறுமாம். பிளாஸ்டிக்கைக் கீழே விரித்தால் காவல், மேலே போர்த்தினால் காலன். மேலே, அம்மாவின் பழைய பருத்திப் படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்த உறை. அதுவும் வண்டி நன்றாகக் காய்ந்த பிறகுதான். கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் உண்டு. அதில் அடைத்த மண்ணைக் குச்சியால் எடுத்துவிடுகிறோம். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடுவதில்லை, சக்கரத்துக்கு ஒரு கட்டை. அடைமழை வாரத்தில் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே துணிப் பையில் சிலிகா ஜெல். ஆரஞ்சு நிறம் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சூடுபண்ணினால் பழைய நிறத்துக்கு வரும். அதற்கென்று தனி வாணலி வாங்கியிருக்கிறேன். “என் வாணலியைத் தொட்டே...” என்று அம்மா வாக்கியத்தை முடிக்காமலே விட்டதன் விளைவு.

பெட்ரோலிலும் கவனம் தேவை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர், காற்றிலிருந்தே உறிஞ்சும். அதனால் மாதக்கணக்கில் தேக்குவதில்லை, ஓட்டித் தீர்த்துப் புதுசு போடுகிறோம். பிரேக் ஆயிலுக்கும் அதே குணம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடவேண்டும்.

வெளிநாட்டில் பழைய கார்களைப் பெரிய பிளாஸ்டிக் பலூனுக்குள் நிறுத்தி, விசிறி வைத்து எந்நேரமும் காற்றை ஓடவிடுகிறார்களாம். அப்பாவிடம் சொன்னேன். “கதவைத் திறந்து வைன்னு நான் ஓசியிலேயே சொன்னேனேடா” என்றார். அந்த விஷயத்தில் அவர் என்னைச் சொல்லிக்காட்டியது அந்த ஒரு தடவைதான்.

இப்போது அப்பாவுக்கு முட்டிவலி. கிளட்ச் மிதிக்க முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில். இரண்டாவது கியர் இப்போதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவதிலேயே விழுகிறது. போன வாரம் கிண்டி தாண்டும்போது கேட்டேன்.

“2028 வரைக்கும் தாங்குமாப்பா?”

“வண்டியா, நானா?” என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே பத்மினியின் அந்தச் சின்ன முக்கோணக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிவிட்டார்.

“ரோட்டைப் பாருடா. கொஞ்சம் காத்து வரட்டும்.”