பாறைக்கும் ஜாதகம் உண்டு!

வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் என்ன செய்கிறோம்? முதலில் பிறந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறோம். அப்புறம் ஜாதகம், அதற்கும் அப்புறம் பெயர் சூட்டுவிழா. ஆஸ்திரேலியாவில் ஒரு மலைத்தொடரில் இந்த வரிசை அப்படியே தலைகீழ்! அங்கே பாறைக்கு முதலில் பெயர் வைத்தார்கள். பிறகு எல்லை வகுத்தார்கள். பிறந்த காலமோ கடைசியில்தான் உறுதியாயிற்று. அதுவும் அயல் நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தது!

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டிலிருந்து வடக்கே 400 கிலோமீட்டருக்கு மேல் மோட்டாரில் போனால் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர் வருகிறது. செம்மண் பூமி. பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும் ஓடைகள். கரையோரம் பருத்த யூகலிப்டஸ் மரங்கள். பிரச்சினா என்ற கணவாய்க்குள் நுழைந்தால், மஞ்சள் கால்களும் வரிபோட்ட வாலுமாகக் கங்காருவின் சிறிய உறவுக்காரரான வாலபி பாறைக்குப் பாறை தாவுவதைப் பார்க்கலாம். (பெயரைக் கேட்டு ஏதோ பிரச்சினை என்று பயப்பட வேண்டாம்!)

இந்தக் கணவாயில் 20 கிலோமீட்டர் பாதை ஒன்று இருக்கிறது. அதில் போவது 13 கோடி ஆண்டுகளைக் கடப்பதற்குச் சமம். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது. அதன் அடியில் ஜமக்காளத்தின் மேல் ஜமக்காளம் விரித்தாற்போல் மணலும் சேறும் படிந்து கல்லாயின. பிறகு பூமியின் நெருக்கலில் அவை மடிந்து சாய்ந்துவிட்டன. ஆகவே பழைய அடுக்கைக் காண ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை. கிழக்கேயிருந்து மேற்கே போனால் போதும். பழையதிலிருந்து புதியதற்கு வந்துவிடலாம். வழியெல்லாம் அடுக்குகளின் பெயர்ப்பலகைகள்: எலாட்டினா, நக்கலீனா, பிரச்சினா, பன்யெரூ, வனோக்கா...

இந்தப் பெயர்களை மனம் போனபடி வைத்துவிட முடியாது. பக்கத்திலுள்ள ஊர், ஓடை, குன்று ஏதாவது ஒன்றின் பெயராக இருக்க வேண்டும். வேறு பாறைக்கு வைத்த பெயராக இருக்கக் கூடாது. அந்த அடுக்கைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய ஓர் இடத்தையும் எழுத்தில் குறித்துக் காட்ட வேண்டும்.

இப்படி ஒரு குன்றின் பெயர் உலகப் புகழ் பெற்ற கதையைக் கேளுங்கள். கணவாய்க்கு வடமேற்கே எடியாக்கரா என்ற சிறு குன்றுகள் இருக்கின்றன. 1946-ம் ஆண்டில் ரெக் ஸ்பிரிக் என்ற இளம் மண்ணியல் நிபுணர், அங்கே கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களைப் பார்வையிடச் சென்றார். மணற்பாறையில் இலை போலவும் தட்டுப் போலவும் விசித்திரமான பதிவுகள் அவர் கண்ணில் பட்டன. எலும்பும் ஓடும் இல்லாத ஆதி உயிர்களின் அச்சுகள் அவை! ஆனால் 1948-ல் லண்டனில் கூடிய நிபுணர்கள் அவற்றைப் பெரிதாக மதிக்கவில்லை. பின்னர் அடிலெய்டில் மார்ட்டின் கிளெஸ்னரும், மேரி வேட் என்ற பெண் விஞ்ஞானியும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அந்த உயிர்களின் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

2004-ல் சர்வதேச மண்ணியல் சங்கம் பூமியின் சரித்திரத்தில் புதிய அத்தியாயம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் புதிதாக எதுவும் சேராத பட்டியலில் 'எடியாக்கரக் காலம்' இடம் பெற்றது. இந்தக் கணவாயில் எனோரமா என்ற ஓடைக் கரையில், பனிப்பாறைகள் விட்டுச்சென்ற எலாட்டினா அடுக்கு முடிந்து, வெளிறிய நக்கலீனா அடுக்கு தொடங்குமிடமே அதன் ஆரம்ப எல்லை. அங்கே ஒரு வெண்கல வட்டு பதித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட சர்வதேச எல்லைக் குறி பூமியின் தென்பாதியில் அமைந்தது அதுவே முதல் தடவை. ஸ்பிரிக் 1994-லேயே காலமாகிவிட்டார். 2005-ல் மறைந்த மேரி வேட் அதைக் கேட்டு மகிழக் கொடுத்துவைத்திருந்தார்.

சரி, வயது? அந்த எல்லையில் காலத்தைக் கணிக்க உதவும் எரிமலைச் சாம்பல் அகப்படவில்லை. அதே பனிக்காலத்தின் முடிவைக் காட்டும் அடுக்குகள் நமீபியாவிலும் சீனாவிலும் இருக்கின்றன. அங்கே சாம்பலில் சிர்க்கான் என்ற நுண்ணிய படிகங்கள் கிடைத்தன. அவற்றுக்குள் யுரேனியம் ஒரே சீராக ஈயமாக மாறிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்து, சுமார் 63 கோடியே 50 லட்சம் ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாளை இன்னும் நுட்பமாக அளந்தால் அந்த எண்ணிக்கை சிறிது மாறலாம். வட்டு இருக்கும் இடம் அதனால் மாறாது. காலத்துக்கு எல்லை அந்தக் கல்தான், எண் அல்ல. ஆகையால் அங்கே போகும் பாக்கியம் வாய்த்தவர்கள் கண்ணாரப் பார்க்கட்டும், படம் பிடிக்கட்டும். ஞாபகார்த்தமாக ஒரு துண்டு உடைத்து வரலாமே என்ற ஆசையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகட்டும்!